ஸ்டீராய்டு என்ற சொல்லும் மூக்கில் அடிக்கும் மருந்தும்



சுப்ஹுத் தொழுகைக்கு எழுந்ததும் அடுக்கடுக்காய்த் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு. ஒவ்வாமையால் வரும் இத்துன்பத்தை நம் வீடுகளிலும் மதரஸாக்களிலும் அன்றாடம் காண்கிறோம். மருத்துவர் இதற்கு ஸ்டீராய்டு கலந்த மூக்கு ஸ்ப்ரேயை எழுதித் தருகிறார். "ஸ்டீராய்டா? உடம்பு கெட்டுவிடும்" என்று யாரேனும் ஒருவர் சொல்ல, அம்மருந்து அலமாரியில் உறங்கிவிடுகிறது. பிறகு அதே நோயாளி, மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கிய வேறொரு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் மூக்கில் விட்டுக்கொள்கிறார். அஞ்ச வேண்டாததற்கு அஞ்சி, அஞ்ச வேண்டியதை நாம் அலட்சியம் செய்கிறோம் என்பதே என் கருத்து.

ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் உண்டால் எலும்பு வலுவிழத்தல், சர்க்கரை ஏறுதல் போன்ற கேடுகள் வரலாம் என்பது உண்மை. மாத்திரை இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுகிறது. ஸ்ப்ரேயோ மூக்கின் உட்சவ்வில் நின்று, அங்குள்ள வீக்கத்தைத் தணிக்கிறது. புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவற்றில் இரத்தத்தில் சேரும் அளவு மிகச் சொற்பம். இரண்டையும் ஒன்றாக எண்ணுவது, பெயரைப் பார்த்துத் தீர்ப்பளிப்பதாகும்.

அதற்காக, இதில் பக்கவிளைவே இல்லை என்று சொல்வதும் நேர்மையன்று. மூக்கு வறட்சி, எரிச்சல், தலைவலி, தொண்டைக் கரகரப்பு, சிறு இரத்தக் கசிவு ஆகியவை வரக்கூடும். மிக அரிதாக, மூக்கின் நடுச்சுவரில் துளை விழலாம். கண் அழுத்த நோயோ கண்புரையோ உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்பே தெரிவிக்க வேண்டும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்களும், வேறு மருந்துகள் உண்பவர்களும் அவ்வாறே சொல்லிவிட வேண்டும். குழந்தைகள் சிலருக்கு வளர்ச்சி வேகம் சற்றுக் குறையக்கூடும் என்பதால், அவர்களுக்குக் குறைந்த அளவே போதும். உயரத்தையும் அவ்வப்போது அளந்து பார்ப்பது நல்லது.

உண்மையில் அஞ்ச வேண்டியது எது? ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் அடங்கிய அடைப்பு நீக்கும் சொட்டு மருந்துகளைத்தான். இவை சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். ஆனால் 3 முதல் 5 நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கும். விட்டால் மூச்சு முட்டும், விட்டுக்கொண்டால் நோய் வளரும். ஸ்டீராய்டு ஸ்ப்ரே இத்தகைய உடனடி நிவாரணம் தராது. அதன் முழுப் பலனைக் காணச் சில நாட்கள், சிலருக்கு இரண்டு வாரங்கள் வரை ஆகும். மூன்றாம் நாளே பயனில்லை என்று கைவிடுவோர் பொறுமையை இழந்து பலனையும் இழக்கிறார்கள்.

பயன்படுத்தும் முறையிலும் கவனம் தேவை. முதலில் உளூச் செய்து, மூக்கை நன்கு சிந்திச் சுத்தம் செய்துகொள்க. மருந்தை அடித்தவுடன் மூக்கில் நீர் செலுத்தினால் அது கழுவிப் போய்விடும். ஆகவே உளூவுக்குப் பின் ஸ்ப்ரே என்பதே சரியான வரிசை. குப்பியைக் குலுக்கி, தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இடப்பக்க மூக்கிலும் இடக்கையால் வலப்பக்க மூக்கிலும் அடிக்க வேண்டும். நுனி நடுச்சுவரை நோக்காமல் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். இரத்தக் கசிவைக் குறைக்க இது பெரிதும் உதவும். மெதுவாக மூச்சை இழுத்தால் போதும். வேகமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். ஒருவரின் குப்பியை மற்றவர் பயன்படுத்தலாகாது.

ரமளானில் பலர் இம்மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நோன்பாளி மூக்கில் ஆழமாக நீர் செலுத்துவதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை ஹதீஸில் காண்கிறோம். மூக்கின் வழியே உள்ளே செல்லும் மருந்து நோன்பை முறிக்கும் என்பது ஷாஃபி, ஹனஃபி ஃபிக்ஹு நூல்களின் நிலைப்பாடு. தொண்டைக்கு வருவதை விழுங்காதவரை மூக்கு ஸ்ப்ரே நோன்பை முறிக்காது என்று ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1997-இல் முடிவு செய்தது. இக்கருத்து வேறுபாட்டுக்குள் நாம் செல்லவேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. இம்மருந்துகள் பலவற்றை நாளுக்கு ஒரு வேளை எடுத்தால் போதுமாதலால், மருத்துவரிடம் கேட்டு அந்த வேளையை நோன்பு திறந்த பின்னர் வைத்துக்கொள்ளலாம். இருவேளை தேவைப்படுவோர் மற்றொன்றை ஸஹர் நேரம் முடியுமுன் எடுத்துக்கொள்ளலாம். பகலிலும் அவசியம் என்ற நிலையில் இருப்பவர்கள் தங்கள் ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டு நடப்பதே பாதுகாப்பு.

உடல் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம். அறியாமையால் மருந்தை ஒதுக்குவதும், அளவு மீறி எடுப்பதும் அந்த அமானிதத்தில் செய்யும் குறையே. இரத்தக் கசிவு நிற்காமல் தொடர்ந்தாலோ, பார்வை மங்கினாலோ தாமதியாமல் மருத்துவரை நாடுங்கள். மற்றபடி, அண்டை வீட்டார் சொல்லுக்காக மருந்தை நிறுத்துமுன், அதை எழுதித் தந்தவரிடம் ஒரு முறை கேளுங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக.