பின்னி மில்னா சண்டைக் காட்சி மட்டும்தானா?

பெரம்பூர் பின்னி மில்லுன்னு சொன்னா, எங்க கோபாலபுரம் பக்கம் "ஓ, அந்த ஷூட்டிங் எடுக்கற எடமா?"ன்னுதான் கேக்கறாங்க. துருப்பிடிச்ச ஷெட்டு, உடைஞ்ச கண்ணாடி, ஹீரோ அடிச்சா அடியாளுங்க பறந்து போய் விழறதுக்கு வசதியா நாலு டிரம்மு. பல வருஷம் தமிழ் சினிமாவுக்கு அந்த இடம் அவ்ளோதான். இப்போ அந்த நிலத்துல அடுக்குமாடி எழும்பியாச்சு. கொஞ்ச நாள்ல ஷூட்டிங் ஞாபகமும் போயிடும்.

எனக்கு இதுல வருத்தம் இல்ல, கோவம்தான். இந்தியாவுல முறையா அமைஞ்ச முதல் தொழிற்சங்கம்னு சொல்ற சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918 ஏப்ரல் 27 அன்னிக்கு அந்த மில் ஆளுங்களை வெச்சுதான் ஆரம்பிச்சது. பக்கிங்ஹாம், கர்நாடிக்னு ரெண்டு மில். பட்டாளத்துக்குக் காக்கித் துணி நெஞ்சு கொடுத்த இடம். மத்தியானம் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான். அதுக்குள்ள கை கழுவி, தின்னு முடிச்சு, திரும்ப மெஷினுக்கு ஓடணும். சங்கம் முதல்ல கையில எடுத்த பிரச்சனைகள்ல இந்தச் சோத்து நேரமும் ஒண்ணு. புரட்சி, கிரட்சின்னு பெரிய வார்த்தையெல்லாம் அப்புறம்தான் வந்துச்சு.

"அதெல்லாம் வடசென்னை சமாச்சாரம்"னு ஒதுங்கறவங்களுக்கு ஒரு தகவல். சங்கத்துக்குத் தலைவரா வந்த பி.பி. வாடியா, அடையாறு பிரம்மஞான சபைக்காரர். துணைத்தலைவர் திரு.வி.க., பக்கத்து ராயப்பேட்டை வெஸ்லியில தமிழ் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்தவர். அடையாறு போறப்போ அவர் பேர்ல இருக்கற பாலத்தைத் தாண்டித்தான் போறோம். பாலத்துக்குப் பேர் வெச்சாச்சு, கடமை முடிஞ்சது :-)

1920-ல கம்பெனி வாடியா மேலயும் மத்தவங்க மேலயும் ஹைகோர்ட்ல கேஸ் போட்டுது. தொழிலாளிய வேலைக்குப் போகாம தூண்டி விட்டாங்களாம். கோர்ட்டு தடை உத்தரவு போட்டுது. கடைசியில வாடியா சங்கத்தை விட்டே ஒதுங்கற மாதிரி ஆச்சு. சங்கம் வெச்சா சட்டப் பாதுகாப்பே கிடையாதான்னு கேள்வி கிளம்பினதும், 1926-ல தொழிற்சங்கச் சட்டம் வந்ததும் இதோட தொடர்ச்சிதான்.

இதுவரைக்கும் பெருமையா சொல்லலாம். 1921-க்கு வந்தா நாக்கு குழறும்.

அந்த வருஷம் பெரிய வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெரும்பாலும் அதுல சேரலை, வேலைக்குத் திரும்பினாங்க. எம்.சி. ராஜாவும் அதைத்தான் சொன்னார். நாலு மாசம் கூலி இல்லாம தாக்குப் பிடிக்க அவங்ககிட்ட என்ன இருந்தது, நிலமா, கடன் கொடுக்க உறவா? நிர்வாகம் அந்தப் பிளவை நல்லா பயன்படுத்திக்கிச்சு. மத்த சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு பக்கம், இவங்க ஒரு பக்கம். புளியந்தோப்புல குடிசைங்க எரிஞ்சுது. ஆகஸ்ட் 29 போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல உயிர் போச்சு. அக்டோபர்ல வேலைநிறுத்தம் தோத்துப் போச்சு. ஆதிதிராவிடர்களுக்கு அரசாங்கம் செல்லம் கொடுத்ததுதான் எல்லாத்துக்கும் காரணம்னு நீதிக்கட்சித் தலைவர்கள் சிலர் பேசினாங்க. 1923-ல ராஜா அந்தக் கட்சிய விட்டே வெளியேறினார்.

மே தின மேடைகள்ல 1918-ஐயும், 1923-ல சிங்காரவேலர் கொடி ஏத்தினதையும் சொல்லக் கேட்டிருக்கேன். நடுவுல இருக்கற 1921-ஐ யாரும் சொல்லிக் கேட்டதில்ல. "கருங்காலி"ன்னு ஒரு வார்த்தையில தாண்டிப் போயிடறாங்க. சேரிக்காரன் ஏன் சங்கத்தை நம்பலைன்னு கேக்காத தொழிலாளர் வரலாறு, என்னைக் கேட்டா, பாதி வரலாறுதான்.

கிளாஸ்கோவைப் பாருங்க. கப்பல் கட்டற தொழிலாளி ஊரு. 1898-லயே உழைக்கற சனங்களுக்குன்னு 'மக்கள் மாளிகை' கட்டினாங்க, அதுவே பின்னாடி அவங்க வாழ்க்கையைச் சொல்ற மியூசியம் ஆச்சு. 1915-ல வாடகை ஏத்தினதை எதிர்த்து வீட்டுப் பொம்பளைங்களைத் திரட்டின மேரி பார்பருக்கு 2018-ல கோவன் பகுதியில சிலை வெச்சாங்க. அவங்களுக்கும் நூறு வருஷம் ஆச்சுன்னு வெச்சுக்குங்க, ஆனா பேரோட, முகத்தோட வெச்சாங்க. நம்ம மெரினாவுல 1959-ல வெச்ச உழைப்பாளர் சிலை அருமையான சிலை, ராய் சௌத்ரி கைவண்ணம். ஆனா பாறையைத் தள்ளற அந்த நாலு பேர் எந்த ஊரு, எந்த மில்லுன்னு சிலை சொல்லாது.

மில்லு 1996-ல மூடியாச்சு. அந்த வளாகத்துல ஒரே ஒரு ஷெட்டையாவது விட்டு வெச்சிருக்கலாம். போகட்டும், புளியந்தோப்புலயோ ஓட்டேரியிலயோ ஒரு மாநகராட்சிக் கட்டடம் போதும். ஒரு தறி, ஒரு காக்கித் துணி, சங்கத்து நோட்டீஸ், கூடவே எரிஞ்ச குடிசைங்களோட கணக்கும் அங்க இருக்கணும். இது கடைசி இல்லாம வெறும் சங்கப் பெருமை மட்டும்னா எனக்கு அந்த மியூசியமே வேணாம்.

வடசென்னைப் பதிவர்களே, உங்க தாத்தாவோ பெரியப்பாவோ மில்லுல இருந்திருந்தா எழுதுங்க. ஷிப்டு சங்கு, கேண்டீன், பரண்ல கிடக்கற டோக்கன், 21-ல யார் எந்தப் பக்கம் நின்னாங்கன்னு வீட்டுல பேசிக்கிட்டது, எதுவா இருந்தாலும் சரி. சுட்டி கொடுத்தா இங்கயே தொகுத்து வெக்கறேன்.