மக்காச்சோள விதையும் குடியானவர் லாபமும்

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் கரிசல் நிலங்களிலும், திண்டுக்கல், சேலம், விருதுநகர் ஜில்லாக்களின் மானாவாரிக் காடுகளிலும் மக்காச்சோளம் இன்று முக்கியமான பணப் பயிராக விளங்குகின்றது. நாமக்கல்லைச் சூழ்ந்த கோழிப் பண்ணைகள் தீவனத்திற்காக இதனை ஓயாது வாங்கி வருகின்றமையால் விற்பனைக்கு இடமில்லை என்னும் குறையும் இல்லை. ஆயினும் ஒரே ஊரில், ஒரே மழையில், அடுத்தடுத்த இரு காடுகளில், ஒருவர் லாபம் பெறுவதையும் மற்றொருவர் கடன்படுவதையும் நாம் வருஷந்தோறும் காண்கிறோம். இதற்குக் காரணங்கள் பல உளவேனும், அவற்றுள் முதன்மையானது விதையைத் தெரிந்தெடுக்கும் முறையே என்பது எமது அபிப்பிராயம்.

இப்பொழுது விதை எவ்வாறு தெரிந்தெடுக்கப்படுகின்றது? கையிற் பணமில்லாத குடியானவர், எக்கடைக்காரர் கடனாகத் தருவாரோ அவரிடம் செல்கின்றார். அவர் எடுத்துக் கொடுக்கும் பையே அவ்வருஷத்து விதையாகின்றது. மற்றச் சிலர் பையின்மேல் அச்சிட்டுள்ள பெரிய கதிரின் படத்தைக் கண்டும், பெருத்த மகசூற் கணக்கைக் கேட்டும் வாங்குகின்றனர். தம்மிடம் இருப்பிலுள்ள சரக்கைப் புகழ்வது வியாபாரிக்கு இயல்பு. அதனைக் குற்றம் கூறிப் பயனில்லை. ஆனால் மண்ணின் ஆழமும் மழையின் போக்கும் அறிந்தவர் குடியானவரேயன்றி வியாபாரியல்லர். ஆகையால் விதையைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பும் குடியானவரிடமே இருத்தல் வேண்டும்.

வீரிய ஒட்டு விதை என்பது யாது என்பதை இங்கே சுருக்கமாகக் கூறுவோம். மக்காச்சோளத்தைப் பல தலைமுறை தன் மகரந்தத்தாலேயே கருவுறச் செய்தால் அது மெலிந்து போகும். அவ்வாறு மெலிந்த இரு வேறு வழிகளைக் கலந்தால் பிறக்கும் முதற்சந்ததி மிக்க வீரியத்துடன் வளரும். இவ்வுண்மையை அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் ஷல் என்பவர் 1908-ஆம் வருஷத்தில் எடுத்துக் காட்டினார். நமது தேசத்தில் 1957-இல் அகில இந்திய மக்காச்சோள ஆராய்ச்சித் திட்டம் ஏற்பட்டு, 1961-இல் முதல் வீரிய ஒட்டு ரகங்கள் வெளியிடப்பட்டன. இவ்வீரியம் முதற்சந்ததிக்கே உரியது. இரு வழிகளை மட்டும் கலந்து பெற்ற விதையின் விளைச்சலை மீண்டும் விதைத்தால், பாரம்பரிய விதிப்படி அதிகப்படியான வீரியத்திற் பாதி கழிந்துவிடும். செடிகளும் உயரத்திலும் பூக்கும் காலத்திலும் ஒவ்வாது நிற்கும். எனவே வீட்டில் எடுத்து வைத்த மணி விதைக்கு உதவாது. வருஷந்தோறும் வாங்கியே தீரவேண்டும். வருஷந்தோறும் செலவாகும் பணமாதலின் வருஷந்தோறும் ஆராய்ந்தே செலவிடல் வேண்டும்.

மானாவாரியில் முதலாவதாகக் கவனிக்கவேண்டியது வயது. மக்காச்சோளத்திற்குத் தண்ணீர் மிகமிக இன்றியமையாத காலம், உச்சியில் ஆண்பூ வெளிவந்து கதிரின் நுனியில் பட்டுநூல் போன்ற சூல்முடி தோன்றும் சில நாட்களேயாம். அப்பொழுது ஈரம் வற்றினால் சூல்முடி தாமதித்து வெளிவரும்; மகரந்தம் உதிர்ந்து போனபின் வரும் முடியினால் மணி பிடிக்காது; கதிர் பொக்கையாகிவிடும். 110 நாள் வயதுள்ள ரகம் ஏறத்தாழ 55 நாளிற் பூக்கும். புரட்டாசி நடுவில் விதைத்தால் கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும்போதே பூக்கும். மழை தாமதித்து ஐப்பசிக் கடைசியில் விதைக்க நேர்ந்தால், அதே ரகம் மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியிற் பூக்கும். ஆழ்ந்த கரிசல் ஓரளவு ஈரம் காத்துக் கொடுக்கும். மெல்லிய செம்மண்ணும் சரளை நிலமும் கொடா. ஆதலின் பிந்திய விதைப்பிற்கும் ஆழமில்லாத மண்ணிற்கும் 90, 95 நாளில் விளையும் ரகமே தக்கது. நீண்ட வயதுள்ள ரகம் கூடுதலாக விளையும் என்பது மெய்யே. ஆனால் அது தண்ணீர் உள்ள இடத்து மெய்.

வயதிற்கு அடுத்தபடி, காற்றிற் சாயாத தண்டும், கதிரின் நுனிவரை இறுக மூடிய மடலும், அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் தன்மையும் உள்ளனவா என்று விசாரித்தல் வேண்டும். படைப்புழு 2018-இல் கர்நாடகத்திற் காணப்பட்டு அவ்வருஷமே நமது காடுகளிலும் பரவிப் பெருஞ்சேதம் விளைத்தது யாவரும் அறிந்ததே. இப்புழு அண்டாத ரகம் என்று எவரேனும் கூறினால் நம்பற்க. கோடையுழவு, ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, விதை நேர்த்தி, முளைத்த முதல் வாரத்திலிருந்தே குருத்தைப் பிரித்துப் பார்த்தல் ஆகிய இவையே காவல்.

நல்ல விதையும் செடி எண்ணிக்கை குறைந்தால் பயன்படாது. வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 25 சென்டிமீட்டரும் விட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 27,000 செடிகள் நிற்கும். இதற்கு 8 கிலோ விதை போதும். ஒரு செடிக்கு ஒரு கதிர், கதிருக்கு 100 கிராம் மணி என வைத்துக்கொண்டால் மகசூல் 27 குவிண்டால். 20,000 செடிகளே இருந்தால் 20 குவிண்டால்தான். எஞ்சிய செடிகள் சற்றுப் பெருத்துக் கொடுத்தாலும் முழு நஷ்டமும் ஈடாகாது. 2025-26-ஆம் வருஷத்திற்கு மத்திய சர்க்கார் அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அவ்விலைப்படி 7 குவிண்டாலின் கிரயம் 16,800 ரூபாயாகும். ஆகவே முளைக்காத இடங்களில் ஒரு வாரத்திற்குள் மறுவிதை ஊன்றுவதும், இரட்டைச் செடிகளைக் களைவதும் அற்ப வேலைகளல்ல. இறவையில் தழைச்சத்தை ஒரே தடவையில் இடாமல், அடியுரமாகக் கால் பங்கும், 25-ஆம் நாள் அரைப் பங்கும், 45-ஆம் நாள் கால் பங்குமாகப் பிரித்து இடுக. மானாவாரியில் ஈரமுள்ளபோது மட்டுமே மேலுரம் இடல் வேண்டும்.

யாம் வற்புறுத்தும் யோசனை ஒன்று உண்டு. காடு முழுவதும் ஒரே ரகத்தை விதைக்க வேண்டா. பழகிய ரகத்தைப் பெரும்பகுதியில் விதைத்து, புதிய ரகம் ஒன்றைப் பக்கத்திலேயே சில வரிசைகளில் விதைத்து, ஒரே உரமும் ஒரே உழைப்பும் கொடுத்து, அறுத்து, ஒரே அளவு காயவைத்து நிறுத்துப் பாருங்கள். பின்னர் விதைச் செலவைக் கழித்துக் கணக்கிடுங்கள். ஏக்கருக்கு 1,000 ரூபாய் அதிகமாகும் விதை, மேற்படி விலைப்படி 42 கிலோவாவது அதிகம் விளைந்தாலொழிய லாபம் தராது. அயலூரில் நடந்த பரீக்ஷையைக் காட்டிலும் சொந்தக் காட்டில் தராசு சொல்லும் சாக்ஷியே மேலானது.

கடனின்றி விதை வாங்க வகையில்லாதவருக்கு இப்போதனை எப்படிப் பயன்படும் என்று சிலர் வினவலாம். நியாயமான கேள்வியே. கடன் வாங்குவது குற்றமன்று. கடனோடு விதையையும் சேர்த்து ஒருவர் கையில் ஒப்புவிப்பதே தீங்கு. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஆடி மாதத்திலேயே பயிர்க் கடனுக்கு ஏற்பாடு செய்து, பத்துப் பேர் சேர்ந்து தமக்கு வேண்டிய ரகத்தை முன்கூட்டிக் கேட்டால், கடைக்காரரும் அதனையே தருவிப்பார். வாங்கும்போது விதைச் சீட்டில் முளைப்புத்திறன் 90 சதவிகிதம் உள்ளதா, காலாவதித் தேதி கடந்ததா என்று படித்துப் பார்க்க வேண்டும். ரசீதையும் சீட்டையும் பைத்துணியையும் சிறிது விதையையும் அறுவடை வரையில் பத்திரப்படுத்த வேண்டும். விதை பழுதானால் 1966-ஆம் வருஷத்து விதைச் சட்டப்படி முறையிடுவதற்கு அவையே ஆதாரம்.

மழை நம் வசத்தில் இல்லை. சந்தை விலையும் நம் வசத்தில் இல்லை. விதை ஒன்றே விதைப்பதற்கு முன் நம் வசத்தில் உள்ளது. அதனையும் பிறர் விருப்பத்திற்கு விட்டுவிட்டுப் பின்னர் விதியை நோவது தகாது. வரும் பருவத்திற்கு முன் ஒவ்வொரு குடியானவரும் தம் மண்ணின் ஆழத்தையும், விதைக்கக்கூடிய தேதியையும், அதற்கேற்ற வயதையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்வாராக.