ஓடாமல் ஓடுவது



'ரன்' என்னும் சிறிய ஆங்கிலச் சொல், வினையாக வருமிடத்தில் மட்டும் 645 பொருள்களைத் தருவதாக ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் கணக்கிட்டனர். 2011இல் இச்செய்தி வெளிவந்தது. நம் தமிழும் இதில் இளைத்ததன்று. அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு ரயில் ஓடுகிறது. தொழிற்பேட்டையில் இயந்திரம் ஓடுகிறது. பூந்தமல்லிக் கடைத்தெருவில் வியாபாரம் ஓடுகிறது. கிடைக்கும் சம்பளத்தில் குடும்பமும் ஓடுகிறது. இவற்றுள் காலால் ஓடுவது ஒன்றேனும் உண்டா?

அரபியில் 'ஸஃயு' என்னும் சொல்லும் இத்தகையதே. ஓடுதல், விரைதல், முயலுதல் எனப் பல பொருள் அதற்குண்டு. ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே நிறைவேற்றும் ஸஃயைத் தொங்கோட்டம் என்கிறோம். அங்கும் பச்சை விளக்குகளுக்கு இடைப்பட்ட பகுதியில் ஆண்கள் மட்டுமே விரைந்தோடுவர். எஞ்சிய தொலைவு நடையே. திருக்குர்ஆனின் 53:39 வசனத்தில் அதே வேர்ச்சொல் மனிதனின் முயற்சியைக் குறிக்கிறது.

ஜும்ஆ அழைப்பைக் கேட்டதும் வியாபாரத்தை விட்டு விரையுமாறு கட்டளையிடும் 62:9 வசனத்திலும் இச்சொல்லே வருகிறது. அகராதியின் முதற்பொருளை மட்டும் பற்றிக்கொண்டால், பள்ளிவாசலுக்கு ஓட வேண்டும் என்றாகிவிடும். தொழுகைக்கு ஓடி வருவதைத் தடுத்து, அமைதியாக நடந்து வரும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தியோ புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது. எனவேதான் ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள், இங்கே விரைய வேண்டியது உள்ளமே என்று விளக்கினார்கள்.

மொழிபெயர்ப்பை ஒருமுறை புரட்டியதுமே மார்க்கத் தீர்ப்புச் சொல்லத் துணிவோர் இதைச் சிந்திக்கட்டும். ஒரு சொல் வந்த இடத்தையும், அதை நபியவர்கள் செயலில் காட்டிய முறையையும் ஆலிம்களிடம் கேட்டறிவதே பாதுகாப்பு. நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறே கற்பிப்போம்.

வெள்ளிக்கிழமை கடையை முன்னதாகவே மூடுங்கள். நிதானமாக நடந்து செல்லுங்கள். அதுவே இறைவன் விரும்பும் ஓட்டம்.