கம்பனி செட்டும் கட்டரும்: நம்மட வாகனங்களுக்கு நாமே செய்யும் அநியாயம்



கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்களும், வாங்க இருப்பவர்களும், செட் பூட்டித் தொழில் செய்யும் தம்பிமாரும் பொறுமையாகக் கடைசிவரை வாசியுங்கள். கோபம் வந்தால் பிறகு கீழே ஏசுங்கள்.

சென்ற வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து குடும்பத்தோடு கண்டிக்குப் புறப்பட்டோம். பின் சீட்டில் உம்மாவும் மூன்று பிள்ளைகளும். மஹியங்கனை தாண்டி 18 வளைவு ஏறிக்கொண்டிருக்கும்போது டாஷ்போர்ட்டுக்குக் கீழே இருந்து பிளாஸ்டிக் கருகும் மணம். அடுத்த நிமிடம் புகை. பிள்ளைகளை இழுத்து இறக்கிவிட்டு பொனட்டைத் திறந்தோம். பெட்டரி டேர்மினல் இறுக்கமில்லாமல் ஆடிக்கொண்டு இருந்ததால் கையாலேயே கழற்ற முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ், அதோடு புகை நின்றது.

காரணம் என்ன? இரண்டு மாதத்துக்கு முன் நாங்கள் ஒரு கடையில் பூட்டிய செட். அம்ப்புக்குப் போகும் தடித்த வயரை நேராகப் பெட்டரியில் இருந்து இழுத்திருந்தார்கள். நடுவில் பியூஸ் இல்லை. எஞ்சின் பக்கமிருந்து உள்ளே வரும் தகட்டு ஓட்டையில் ரப்பர் இல்லை. வளைவுக்கு வளைவு அந்த வயர் தகட்டின் விளிம்பில் உரசி, தோல் போய், பொடியில் முட்டிவிட்டது. டேர்மினலை ஆட விட்டவர்களும் அவர்களே. அவர்களின் ஒரு கவனயீனம் எங்களைக் கொல்லப் பார்த்தது, இன்னொரு கவனயீனம் காப்பாற்றியது.

கடையின் பெயரைக் கேட்காதீர்கள். சொல்ல மாட்டோம். ஏனென்றால் பிழை அந்தக் கடையுடையது மட்டுமல்ல. "சேர், சின்ன வேல, பத்து நிமிசம்" என்று அவர் சொன்னபோது, பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டு தலையாட்டியவர்கள் நாங்கள். கம்பனி செட்டின் சொக்கட்டைக் கட்டரால் வெட்டும்போதும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.

இதை எங்கள் வீட்டுக் கதையாக மட்டும் எடுக்க வேண்டாம். நம்மட ஊரில் நிற்கும் அக்ஸியோ, விட்ஸ், அக்வா, வேகன் ஆர் என்று எதன் டாஷ்போர்ட்டையும் கழற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் வயர் வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியதாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டத் தயார். நம் வெயிலில் மூடிய வாகனத்துக்குள் அந்த டேப்பின் பசை இளகி வழியும். டேப் கழன்ற பிறகு வெறும் செம்புதான் மிச்சம்.

செட்டை ஏன் மாற்றுகிறோம்? காரணம் நியாயமானதுதான். ஜப்பானில் எஃப்.எம். 76 இலிருந்து 95 மெகாஹேர்ட்ஸ் வரைதான். பழைய செட்டுகள் 90 உடன் நின்றுவிடும். நம் நாட்டில் 108 வரை போகிறது. ஆகவே நம்மட வானொலிகளில் பெரும்பாலானவை அதில் இழுக்காது. மெனு முழுக்க ஜப்பான் எழுத்து. சிலதில் புளூடூத்தும் இல்லை. எல்லாம் உண்மை. ஆனால் இதற்கு மருந்து டாஷ்போர்ட்டை அறுப்பது அல்ல.

எஃப்.எம். மட்டும்தான் பிரச்சினை என்றால் அன்டனா வயருக்கும் செட்டுக்கும் நடுவில் கொழுவும் சிறிய பெட்டி ஒன்று இருக்கிறது, எக்ஸ்பாண்டர் என்பார்கள். 15 மெகாஹேர்ட்ஸ் இறக்கும் பெட்டி என்றால் 100 இல் வரும் நிலையம் செட்டில் 85 இல் கேட்கும். போனில் இருந்து கேட்க வேண்டும் என்றால் பல செட்டுகளின் பின்பக்கம் வெளி இணைப்புக்கு இடம் இருக்கிறது; அதில் ஒரு புளூடூத் துண்டைக் கொழுவினால் போதும். செட் அப்படியே இருக்கும். டாஷ்போர்ட் அப்படியே இருக்கும்.

இல்லை, செட்டையே மாற்றத்தான் வேண்டுமா? மாற்றுங்கள். டொயோட்டாவில் பெரும்பாலும் ஒரு 10 பின் சொக்கட், ஒரு 6 பின் சொக்கட். அதற்கு அப்படியே கொழுவும் ரெடிமேட் ஹானஸ் பஞ்சிகாவத்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. ப்ளேயரின் விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு. ஒரு வயரையும் வெட்டத் தேவையில்லை. டொயோட்டாவின் செட் வாய் 200 மில்லிமீற்றர் அகலம், சாதாரண ப்ளேயர் 180 அளவு. அந்த இடைவெளியை மறைக்கவும் பிரேம் இருக்கிறது. அதை வாங்காமல் பக்கத்தில் ஸ்பஞ்சைத் திணித்து அனுப்புவதற்கு என்ன பெயர்? கழற்றிய கம்பனி செட்டைத் துணியில் சுற்றி அலுமாரியில் வையுங்கள். வாகனத்தை விற்கும் நாளில் அதற்கும் விலை உண்டு.

இனி, நம்மைத்தான் கேட்கிறோம். காதுக்கு வாங்குகிறோமா, கண்ணுக்கு வாங்குகிறோமா?

10 அங்குலத் திரைக்கு லட்சக் கணக்கைத் தொடும் சல்லியைக் கொடுக்கிறோம். சத்தம் வருவதோ அதே பழைய கடதாசிக் கோன் ஸ்பீக்கரில் இருந்து. பெட்டியில் "4 x 50 வாட்" என்று எழுதியிருக்கிறது. ஓ.எல். விஞ்ஞானம் படித்த பிள்ளையிடம் கணக்கைக் கொடுங்கள். எஞ்சின் ஓடும்போது வோல்ட் 14.4 அளவு. ஸ்பீக்கர் 4 ஓம். 14.4 இன் வர்க்கம் 207. அதை 4 இன் இருமடங்கான 8 ஆல் பிரித்தால் 26 வாட்டும் இல்லை. இழப்புகள் போக 20 சொச்சம் வந்தால் பெரிய காரியம். உள்ளே வோல்ட்டைக் கூட்டும் தனிச் சுற்று இல்லாத எந்த ப்ளேயரும் சத்தம் சிதையாமல் இதைத் தாண்ட முடியாது. நீங்கள் கழற்றி எறிந்த கம்பனி செட்டும் கிட்டத்தட்ட அதே அளவைத்தான் தந்தது.

அப்படியானால் சல்லியை எங்கே போடுவது? வெளியில் தெரியாத இடத்தில். முன் கதவு ஸ்பீக்கர் இரண்டையும் நல்லதாக மாற்றுங்கள். ஆடாமல் வளையம் வைத்து இறுக்கிப் பூட்டச் சொல்லுங்கள். பலகை வளையம் என்றால் பெயின்ட் அடித்திருக்க வேண்டும். கதவுக்குள் மழைத் தண்ணீர் இறங்கும். கதவுத் தகட்டில் அதிர்வைத் தாங்கும் பியூட்டைல் சீட் ஒட்டுங்கள். கம்பனி வலையை அதே இடத்தில் பூட்டுங்கள். இன்னும் வேண்டும் என்றால் சீட்டுக்குக் கீழே ஒரு சிறிய அம்ப். அதன் வயரில் பெட்டரியில் இருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ். பார்ப்பவனுக்கு வாகனம் கப்பலில் இருந்து இறங்கின மாதிரியே தெரியும். உள்ளே இருப்பவனுக்கு மட்டும் வித்தியாசம் விளங்கும்.

பயானோ, கிராஅத்தோ, கிரிக்கெட் வர்ணனையோ, எதைக் கேட்கிறீர்கள் என்பது இன்றைய பேச்சு இல்லை. ஆனால் மனிதக் குரல் தெளிவாக விளங்கத் தேவையானது பெரும்பாலும் 300 இலிருந்து 3400 ஹேர்ட்ஸ் வரைதான். அந்தத் தெளிவைத் தருவது கதவு ஸ்பீக்கர். டிக்கியை நிரப்பும் சப் அல்ல.

"கார் எங்கட, சல்லி எங்கட, உங்களுக்கென்ன?" என்று சில தம்பிமார் கேட்பார்கள். கேளுங்கள், பதில் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு உங்கள் சப் அடிக்கும்போது அதிர்வது எங்கள் ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஏ.எல். எழுதும் பிள்ளை இருக்கிறது, நோயாளி இருக்கிறார். உங்கள் காதும் உங்களுக்கு அமானிதம்தான். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் தாங்கும். போன கேள்வி திரும்பி வராது. ஓடும்போது முன்னால் திரையில் படம் ஓட விடுபவர்களுக்கு எதிரே சைக்கிளில் வருவது எங்கள் பாடசாலைப் பிள்ளைகள்.

செட் பூட்டும் தம்பிமாரே, உங்கள் பிழைப்பில் மண் போட வரவில்லை. உங்களில் அழகாக, பொறுப்பாக வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வாகனத்தைத் திருத்தித் தந்தவரும் நம்மட ஊர்ப் பொடியன்தான். வெட்டின ஒவ்வொரு வயரையும் ஈயம் வைத்துப் பொருத்தி, சுருங்கும் குழாய் போட்டு, சொக்கட்டைத் திரும்பக் கட்டித் தந்தார். ஒன்றரை நாள் எடுத்தது, கூலியும் கூடத்தான். சந்தோசமாகக் கொடுத்தோம்.

ஆகவே இனிமேல் கடைக்குப் போனால் முதலில் நான்கு விடயம் கேட்போம். ஹானஸ் இருக்கிறதா? பியூஸ் எங்கே வைக்கப் போகிறீர்கள்? தகட்டு ஓட்டைக்கு ரப்பர் இருக்கிறதா? எயார்பேக்கின் மஞ்சள் சொக்கட்டையும், ஹைப்ரிட் என்றால் செம்மஞ்சள் வயரையும் தொடாமல் செய்வீர்களா? ஒன்றுக்காவது "அதெல்லாம் தேவல்ல சேர்" என்று பதில் வந்தால் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். வெட்கப்பட வேண்டாம்.

2020 இல் வாகன இறக்குமதி நின்றபோது பழைய வாகனத்தின் பெறுமதி எவ்வளவு என்று நாம் எல்லோரும் படித்துக்கொண்டோம். 2025 இல் திறந்த பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இருக்கும் வாகனத்தில்தான் நம் பிள்ளைகள் இன்னும் பல வருடம் போய்வரப் போகிறார்கள்.

உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் எழுதுங்கள். கடைப் பெயர், ஆள் பெயர் வேண்டாம். என்ன நடந்தது, எப்படித் திருத்தினீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். இன்றைக்கே ஒரு டோர்ச்சை எடுத்துக்கொண்டு உங்கள் வாகனத்தின் பெட்டரிப் பக்கம் ஒரு தரம் பாருங்கள்.

வஸ்ஸலாம்.