மனு கொடுத்தா போதாது, எண்ணை வாங்குங்க!

தோழர்களே, "டைப் அடிக்கிற வேலைதானே"ன்னு இளநிலை உதவியாளரை வச்சு மீம் போடுறோம். இன்ஜினியரிங் முடிச்ச நானும் அப்படித்தான் நினைச்சேன்.

நம்ம ஆழ்வார்குறிச்சி தாத்தா ஒருத்தர், பட்டாவுல பேரு தப்புன்னு தாலுகா ஆபீஸ்ல மனு கொடுக்கிறார்னு வைங்க. அதைத் தன்பதிவேட்டுல ஏத்தி, ந.க. எண் போட்டு, விதியைப் பார்த்து, கோப்புல குறிப்பு எழுதி மேலே அனுப்புறது அந்த உதவியாளர்தான். குறிப்பு வரலைன்னா வட்டாட்சியர் எதுல கையெழுத்துப் போடுவார்? குரூப் 4-ல பாஸானவங்களைப் பவானிசாகருக்குப் பயிற்சிக்கு அனுப்புறது சும்மா இல்ல.

அந்த நாற்காலி காலியா கிடந்தா, பக்கத்து செக்‌ஷன்காரர் ரெண்டு பேர் வேலையைப் பார்க்கணும். தாத்தாவோட மனு தூங்கும். அதனால காலியிடத்தை நிரப்பச் சொல்லிக் கேட்போம். லஞ்சம் கேட்கிறவரை மட்டும் விடவே கூடாது.

மனு எழுதிக் கொடுக்கப் போற தம்பி தங்கைகளே, ஒப்புகைச் சீட்டு இல்லாம வெளியே வராதீங்க. ந.க. எண்ணையும் கேட்டு வாங்குங்க. அது கையில இருந்தா, 2005 தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டி, "இந்த மனு மேல என்ன நடவடிக்கை?"ன்னு கேட்கலாம். 30 நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும்.

மீம் அப்புறம் போடலாம். முதல்ல தாத்தா கூட ஆபீஸுக்குப் போங்க.