ஜப்தி செய்ய முடியாதவை

சம்பளம் வந்ததும் தவணைகளைக் கட்டிவிட்டு, மிச்சத்தில் குடும்பம் நடத்துவதுதான் நாணயம் என்று பலரும் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 60: கடன் கொடுத்தவர் பக்கம் தீர்ப்பாகி, நீதிமன்ற அமீனாவே வாசலில் வந்து நின்றாலும் உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள் ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகையையும் தொட முடியாது. நம் ஊரில் அது தாலி. கூலித் தொழிலாளியின் கூலிக்கும் அதே காப்பு. மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும், ஜீவனாம்ச வழக்கு தவிர, தப்பிவிடும். (அந்த ஆயிரம் இன்று ஒரு சிலிண்டருக்கே சரியாகிவிடும் என்பது வேறு கதை.)

நீதிமன்றமே தொடாததை, வசூலுக்கு வருபவரின் சத்தத்துக்குப் பயந்து நாமே எடுத்துக் கொடுக்கிறோம். தாலியை அடகு வைத்துக் குழுக்கடன் கட்டும் வீடுகள் எத்தனை! இத்தகைய நுண்கடன் வாங்கும் குடும்பத்தின் மொத்தத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்தது. என்னைக் கேட்டால் பாதியே அதிகம். வாடகை, அரிசி, மருந்து, கரண்ட் பில், பிள்ளைகளின் பஸ் காசு முதலில். மிஞ்சுவது இவ்வளவுதான், தவணைக் காலத்தை நீட்டுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள்; வாய்ப்பேச்சு, மேனேஜர் மாறினால் போயிற்று. வட்டி கூடும், சிபில் மதிப்பெண் இறங்கும். இறங்கட்டும். இந்தக் கடனை அடைக்க இன்னொரு செயலியில் கடன் வாங்காதீர்கள். இரவு 7 மணிக்கு மேல் வரும் வசூல் போனை எடுக்காதீர்கள். அந்நேரம் அழைக்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதிதான்.