தோல் மூடிய பிறகு

எரிகாயத்தோடு வந்த பிள்ளையை வீட்டுக்கு விடும்போது தாயின் கையில் ஓர் அட்டை கொடுக்கிறார்கள். ஒட்டுத்தோல் பிடித்துவிட்டது, மருந்து இத்தனை நாள், அடுத்த கிளினிக் இன்ன திகதி. எல்லாம் தேவையானவைதான். ஆனால் அந்தப் பிள்ளை திங்கட்கிழமை காலையில் வகுப்புக்குள் எப்படிக் கால் வைக்கப்போகிறது என்பதை யாரும் அதில் எழுதுவதில்லை. அது தாயின் பாடு, வகுப்பாசிரியரின் பாடு என்று விடப்படுகிறது. தோல் மூடியதும் வைத்தியம் முடிந்தது என்று நாம் கணக்கை முடித்துவிடுகிறோம். பிள்ளையின் கஷ்டத்தில் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஆழமாக எரிந்த இடத்தில் வரும் தழும்பு முதிர்ந்து அடங்க ஒரு வருடம், இரண்டு வருடம் எடுக்கும். அதுவரை அது தடிக்கும், கடிக்கும், சுருங்கும். கழுத்து, கமக்கட்டு, முழங்கை, விரல் இடுக்கு போன்ற மடிப்புகளில் சுருங்கினால் மூட்டு மடங்கியபடியே நின்றுவிடும். பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். பிள்ளை வளரும், தழும்பு அதே அளவுக்கு வளராது. ஆறு வயதில் ஒழுங்காக நீண்ட கை, பத்து வயதில் இழுத்துப் பிடிக்கும். அதனால் வளர்ச்சி நிற்கும்வரை திரும்பத் திரும்பச் சத்திர சிகிச்சை தேவைப்படலாம். தழும்பை அமுக்கி வைக்கும் இறுக்கமான உடுப்பை ஒரு நாளில் 23 மணி நேரம் போட்டிருக்கச் சொல்வார்கள். ஒட்டுத்தோலில் வியர்வை சரியாக வராது, உடம்புச் சூடு வெளியேறாது. வன்னி வெயிலில், தகரக் கூரையின் கீழ் அந்த இறுக்கமான உடுப்பைப் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் நடப்பது வேறு. கெட்ட மனதோடு யாரும் செய்வதில்லை. "வெயில் படாமல் பின் வாங்கில் இரு பிள்ளை" என்று ஆசிரியர் இரக்கத்தோடுதான் சொல்கிறார். விளையாட்டுப் பாடத்தில் புத்தகப் பைகளுக்குக் காவல் வைக்கிறார்கள். வீட்டில் தாய் நீளக் கைச் சட்டை தைத்துக் கொடுக்கிறாள். ஒவ்வொன்றும் அன்பால் செய்யப்படுவது. எல்லாம் சேர்ந்து அந்தப் பிள்ளைக்கு ஒன்றைத்தான் சொல்லிக் கொடுக்கிறது: மறைத்துக்கொள்.

இதற்குத்தான் எரிகாயம் பட்ட பிள்ளைகளுக்கென்று விடுமுறைக் கால முகாம்கள் வந்தன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சிறுவர் வைத்தியசாலை ஒன்றின் எரிகாயப் பிரிவு 1983இல் மலைப்பகுதியில் இப்படி ஒன்றைத் தொடங்கியது. பிறகு அந்த நாட்டின் பல மாநிலங்களுக்கும் பிரித்தானியா போன்ற நாடுகளுக்கும் அது பரவியது. பல இடங்களில் தீயணைப்புப் படையினரின் சங்கங்கள் காசு சேர்த்துக் கொடுக்கின்றன, அவர்களே வந்து பிள்ளைகளோடு தங்குகிறார்கள். பிள்ளைகள் நீந்துகிறார்கள், மலை ஏறுகிறார்கள், குதிரை ஓடுகிறார்கள். தாதியரும் இயன்மருத்துவர்களும் கூடவே இருக்கிறார்கள், ஆனால் வெள்ளை உடுப்பில் இல்லை. ஒருவரும் காயத்தைப் பற்றிப் பேசு என்று வற்புறுத்துவதில்லை. எல்லோரின் உடம்பிலும் தழும்பு இருக்கும் இடத்தில் நீளக் கைச் சட்டைக்கு வேலை இல்லாமல் போகிறது.

இதை மந்திரமாக யாரும் விற்க வேண்டியதில்லை. முகாமுக்குப் போன பிள்ளைகளின் தன்மதிப்பை அளந்து பார்த்த ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. சிலவற்றில் முன்னேற்றம் தெரிந்தது, சிலவற்றில் அளவுகோலில் பெரிய மாற்றமில்லை. ஆனால் பிள்ளைகளையும் பெற்றோரையும் கேட்டால், தன்னைப் போல இன்னொருவரைக் கண்டதையே பெரிய விசயமாகச் சொல்கிறார்கள். என் வாசிப்பு இது: ஒரு கிழமை முகாம் தனியே நின்றால் ஒரு நல்ல சுற்றுலா. அதற்கு முன் கிளினிக்கும் பின் பள்ளிக்கூடமும் இணைந்திருந்தால் அது வைத்தியம். பிள்ளை திரும்பி வருமுன் தாதி ஒருவர் வகுப்புக்குப் போய், இது தொற்றாது, தொட்டால் வலிக்காது, இந்த உடுப்பு எதற்கு என்று மற்றப் பிள்ளைகளுக்கு விளக்கும் வழக்கம் அந்த நாடுகளில் முகாமோடு சேர்ந்தே வளர்ந்தது. நமக்கு முதலில் வேண்டியது அதுதான், செலவும் குறைவு.

இப்படியொரு முகாம் வன்னிக்கு ஏன்? மண்ணெண்ணெய் நிரப்பிய போத்தல் விளக்கு இந்தத் தீவின் ஏழை வீடுகளில் எத்தனையோ பேரைச் சுட்டிருக்கிறது. மெல்லிய போத்தல், தளர்ந்த திரிமூடி, தட்டினால் உருண்டு ஓடும். எரிந்து வந்தவர்களுக்கு வைத்தியம் செய்து செய்து சலித்த சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1990களின் தொடக்கத்தில் கட்டையான, கனமான, இரு பக்கமும் தட்டையான, திருகு மூடியுள்ள ஒரு விளக்கை வடிவமைத்தார். விழுந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மின்சாரம் ஊரெல்லாம் வந்த பிறகு அந்த ஆபத்து குறைந்தது உண்மை. ஆனால் 2021 இறுதியில் சமையல் எரிவாயுச் சிலிண்டர்களோடு வந்த வெடிப்புகளும், 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை போன மின்வெட்டும், பழைய விளக்கும் விறகடுப்பும் எவ்வளவு வேகமாகத் திரும்பி வரும் என்பதைக் காட்டின. இங்கே தறப்பாளிலும் கிடுகிலும் வருடக்கணக்காக வாழ்ந்த குடும்பங்கள் அதிகம். முல்லைத்தீவுக் கரையோரத்துக் கொக்கிளாய்ச் சனங்கள் 1984 இறுதியில் ஊரைவிட்டு எழும்பியவர்கள். போர் முடிந்த பிறகு திரும்பி வந்தபோது பற்றைக் காட்டுக்குள்ளிருந்துதான் மறுபடி தொடங்கினார்கள். இவற்றுக்கு மேல், 2009இன் முதல் மாதங்களில் ஷெல்லடிக்குள் எரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

கொக்கிளாயில் ஒரு பிள்ளைக்குச் சுடுதண்ணி கொட்டினால் முல்லைத்தீவுக்குப் போக வேண்டும். பெரிய எரிகாயம் என்றால் யாழ்ப்பாணம், அதுவும் ஏறக்குறைய 150 கிலோமீற்றர். அதற்கும் மேலே என்றால் கொழும்பு. ஒவ்வொரு கிளினிக்குக்கும் தகப்பன் ஒரு நாள் கடலை விட வேண்டும். மூன்றாவது, நான்காவது தடவையில் போக்கு நின்றுவிடுகிறது. கமக்கட்டு ஒட்டத் தொடங்குவதும் அந்த மாதங்களில்தான்.

முகாமுக்கு இந்த ஊரையே நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொக்கிளாய்க் களப்பு ஆழம் குறைந்தது. றாலுக்கும் மீனுக்கும் வீச்சுவலை போடுகிற இடம். வீச்சுவலை எறிகிறவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வலையின் ஒரு பகுதியை முழங்கையில் போட்டு, மற்றதைக் கையில் பிரித்துப் பிடித்து, இடுப்பைத் திருப்பி, தோள் முழுதும் திறக்க வீசுகிறார். சுவரில் விரலால் ஏறு, கையை மேலே தூக்கு என்று இயன்மருத்துவர் ஒரு நாளில் பத்துத் தடவை கெஞ்சும் அதே அசைவு. அறைக்குள் அழுதுகொண்டு செய்ய மறுக்கும் பிள்ளை, வலை வட்டமாக விழவேண்டும் என்ற வீம்பில் அதை இருபது தடவை செய்யும். வலை பொத்தும் ஊசியைப் பிடிப்பது ஒட்டிய விரல்களுக்குப் பயிற்சி. கொலராடோவுக்குக் குதிரை என்றால் நமக்கு வலை. ஊர்த் தொழிலாளிகள் இருவர் மூவர் சொல்லிக் கொடுத்தால் போதும், பெரிய கட்டடம் தேவையில்லை. களப்பைச் சுற்றியுள்ள பகுதி 1951 முதல் பறவைகள் சரணாலயம் என்பதால், கட்டடம் எழுப்பாமல் இருப்பதே நல்லது.

காலம் ஆகஸ்ட் விடுமுறை. டிசம்பரில் மழை, பாதை நம்ப முடியாது. ஆனால் ஆகஸ்ட் வெயில் ஒட்டுத்தோலுக்கு ஆகாது. ஆகவே காலை எட்டரைக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும்தான் தண்ணீர். நடுப்பகலுக்கு மர நிழல், கதை, கூத்து, தூக்கம். குளித்து வந்ததும் நல்ல தண்ணியில் உப்பைக் கழுவி, தேங்காய் எண்ணெயோ களிம்போ தடவித் தழும்பைத் தேய்த்துவிட வேண்டும். இதை மருத்துவத் தரப்பு முதலிலேயே எழுதி வைக்காவிட்டால், நல்ல நோக்கமே பிள்ளையைச் சுட்டுவிடும்.

தாய்மார் இரவில் பிள்ளையை விடமாட்டார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2006 ஆகஸ்டில் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தில் தங்கியிருந்த மாணவிகள் மீது விழுந்த குண்டுகளையும், 2009இல் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமின் முட்கம்பியையும் கண்ட சனம் இது. ஆகவே முதல் இரண்டு வருடங்களுக்குத் தாயும் வரட்டும். பிள்ளைகள் களப்பில் நிற்கும் நேரத்தில் தாய்மார் தங்களுக்குள் பேசட்டும். விளக்கைக் கீழே வைத்தவள் நான்தானே, கேத்தலைக் கவனியாமல் விட்டவள் நான்தானே என்று வருடக்கணக்காக மனதுக்குள் வைத்திருப்பதை இறக்க அவர்களுக்கு வேறு இடமில்லை. புகைப்படம் மட்டும் கூடாது. உதவி கொடுத்தவர் தழும்புள்ள பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கும் பழக்கம் நம்மிடம் வேரோடிவிட்டது. அந்த ஒரு படத்துக்காக முகாமே கெட்டுப்போகும். காசு தரும் புலம்பெயர் சங்கங்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முகாமில் பிள்ளைகளோடு யார் நிற்க வேண்டும் என்ற கேள்வியும் உண்டு. பிரேமா தன்ராஜைப் பற்றி அறிந்திருப்பீர்கள். பெங்களூரில் எட்டு வயதில் அடுப்பு வெடித்து முகமும் கழுத்தும் எரிந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் பல சத்திர சிகிச்சைகளுக்கு ஆளானவர். பிறகு மருத்துவம் படித்து, அதே வைத்தியசாலையின் ஒட்டறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கே தலைவரானார். எரிகாயம் பட்டவர்களுக்காக அக்னி ரக்ஷா என்ற அமைப்பைத் தொடங்கினார். 2024இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தது. அப்படி எல்லோரும் ஆக வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, எந்தப் பிள்ளையின் தலையிலும் அந்தப் பாரத்தை ஏற்றக்கூடாது. அவரிடம் வந்து உட்கார்ந்த பிள்ளை, தன் முகத்தைப் போன்ற ஒரு முகம் மேசையின் அந்தப் பக்கம் இருந்து வைத்தியம் செய்வதைக் கண்டது. அதுதான் எனக்கு முக்கியம்.

அப்படியானவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். 2009இல் பத்து வயதில் எரிந்தவர்களுக்கு இப்போது இருபத்தைந்து வயது தாண்டிவிட்டது. கடலுக்குப் போகிறார்கள், முன்பள்ளியில் படிப்பிக்கிறார்கள், பிள்ளைகளும் பெற்றுவிட்டார்கள். ஒரு முகாமில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்க அவர்களை விடத் தகுதியானவர்கள் இல்லை. நெதர்லாந்தின் உதவியோடு கட்டி 2024 மே மாதம் திறந்த மாங்குளம் புனர்வாழ்வு வைத்தியசாலை அவர்களில் பத்துப் பேரையாவது தேடி எடுத்துப் பயிற்சி கொடுக்கலாம். யாழ்ப்பாணத்து எரிகாயக் கிளினிக்கின் பட்டியலிலிருந்து வன்னிப் பிள்ளைகளைப் பிரித்தெடுக்கலாம். வலயக் கல்வி அலுவலகம் ஒவ்வொரு பிள்ளையின் வகுப்பாசிரியரையும் கடைசி நாளில் களப்புக்கு அனுப்பலாம். அந்த இளைஞர்களைத் தொண்டர்கள் என்று பெயரிட்டுச் சும்மா கூப்பிடக் கூடாது. கடலுக்குப் போகாத நாளுக்கான கூலியை மாகாண சுகாதாரத் திணைக்களம் தன் வரவுசெலவில் எழுதிக் கொடுக்க வேண்டும்.